ஏழு நாள் மாத்திரை, பத்து நாள் ஜீப்

கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் மகள், சாப்பாட்டு மேஜை முழுக்க ரசீதுப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "சம்பளம் கிடையாது. பஸ் காசுகூட நீதான் போடுற. ஏதாவது தப்பாச்சுன்னா நோட்டீஸ் மட்டும் உன் பேருக்கு வரும். எதுக்கும்மா உனக்கு இந்த டிரஸ்டி வேலை?" நான் வழக்கமாக எல்லோரும் சொல்வதையே சொன்னேன். ஏதோ நம்மால் முடிந்தது, நாலு பேருக்கு உதவியாக இருக்கட்டுமே என்று. அவள் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி அந்தப் பதில் எனக்கே ஒட்டவில்லை. நாலு பேருக்கு உதவி செய்ய வேண்டுமானால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டயர் மாற்றலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேசுவதற்கு எதற்கு ஏழு பேர் வருகிறோம்?

கோத்தகிரியில் இருக்கிற எங்கள் அறக்கட்டளை சின்னது. ஒரு ஜீப், ஒரு டிரைவர், இரண்டு நர்ஸ், வாரத்தில் மூன்று நாள் டாக்டர். புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், ஆஸ்பத்திரி இனி செய்வதற்கொன்றுமில்லை என்று அனுப்பிவிட்டவர்கள், இவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து வலியைத் தணிக்கிற பாலியேட்டிவ் வேலை. 2009 நவம்பரில் பெய்த பேய்மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததும், பாதைகள் அடைபட்டுக் கிடந்ததும் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. அந்த நாட்களில் மாத்திரை தீர்ந்துபோன ஒரு நோயாளியின் வீட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்த டாக்டர், திரும்பி வந்து நண்பர்களைக் கூட்டி ஆரம்பித்ததுதான் இது.

என்னை இதில் இழுத்துவிட்டவர் என் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். 2014-ல் ஒரு நாள் மஞ்சப்பையில் ஒரு லெட்ஜரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "640 ரூபாய் இடிக்குது. ஒரு தடவை பார்த்துக் குடு." நான் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 27 வருஷம் கணக்கு எழுதியவள். மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். ஒரே டீசல் பில்லை இரண்டு முறை பதிந்திருந்தார்கள். "அப்போ இனிமே நீயே எழுதிடேன்" என்றார். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர். அவரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு, வேலையை விட்டு நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் என்னிடம் யாரும் ஒரு கணக்கும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைத் தேடி ஒருவர் படியேறி வந்தார் என்பதுதான் நான் சரி சொன்னதற்கு உண்மையான காரணம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வந்தவர்களும் போனவர்களும்

பத்து வருஷத்தில் பதினாலு பதினைந்து பேரோடு அந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். பஜாரில் கடை வைத்திருக்கிற ஒருவர், கல்வெட்டில் பேர் வரும் என்பதற்காக வந்தார் என்று ஊரே சொன்னது. இருக்கட்டுமே. ஒரு கூட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த பதினெட்டு நாளும் கடை வண்டியை அனுப்பிவைத்தார். பேருக்காக வந்தவரை அந்தப் பேரே கட்டிப்போட்டும் விடுகிறது. நாளைக்குக் கெட்ட பேர் வந்தால் அதுவும் அவருக்குத்தானே வரும்? பெங்களூரிலிருந்து ஊர் திரும்பிய ஒரு பெண், அடுத்த வேலைக்கான பயோடேட்டாவில் ஒரு வரி சேர்க்கத்தான் வந்தேன் என்று முதல் நாளே சொன்னாள். 2021-ல் வருமான வரிச் சட்டம் மாறி, பழைய பதிவு வைத்திருந்த அறக்கட்டளைகள் எல்லாம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று வந்தபோது, எங்களில் அந்தப் படிவத்தைப் புரிந்துகொண்டது அவள் ஒருத்திதான். நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலை மே 31-க்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், தவறினால் நாளுக்கு 200 ரூபாய் என்று ஒரு விதி இருக்கிறது. கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு ராத்திரியில் செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஏற்றி முடித்தாள்.

இன்னொருவர் கண்ணீரோடு வந்தார். அவருடைய அப்பாவைக் கடைசி மாதங்களில் எங்கள் நர்ஸ்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். "என் ஆயுசு முழுக்க இதுக்குச் செய்வேன்" என்றார், மனசாரத்தான் சொன்னார். முதல் கூட்டத்தில் ஆடிட் அறிக்கை. இரண்டாவதில் ஜீப் இன்சூரன்ஸ். மூன்றாவதில், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி வருமான வரிச் சலுகை கிடைக்காது, ரசீதில் என்ன எழுதுவது என்கிற பேச்சு. நாலாவது கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ள ஆசைப்பட்டு வந்தவருக்கு நாங்கள் காகிதத்தைக் கொடுத்தோம். டிரஸ்டி வேலை முழுக்கக் காகிதம்தான். யாருக்காகச் செய்கிறோமோ அவர்கள் முகத்தையே பார்க்காமல் செய்கிற வேலை. அதனாலேயே, என்ன காரணத்துக்காக வருகிறார்கள் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, தங்குகிறார்களா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். 2024 வரை அந்த முடிவில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2024 ஜூனில் ஹெட்மாஸ்டர் சார் உடம்பு முடியாமல் மகனோடு இருக்கக் கோவைக்குப் போனார். அவர் இடத்துக்கு ஆள் தேடினோம். ரிடையர்டு பேங்க் மேனேஜர் ஒருவர், எஸ்டேட் முதலாளி ஒருவர், ரிசார்ட் வைத்திருக்கிற ஒருவர் என்று பேர் ஓடியது. யாரால் நிதி வரும், யாருக்கு ஆபீஸில் செல்வாக்கு, யார் பேர் லெட்டர்ஹெட்டில் நன்றாக இருக்கும் என்றுதான் எல்லா இடத்திலும் இந்தப் பேச்சு போகும், எங்களிடமும் அப்படித்தான் போனது. மாத அறிக்கை வாசிக்க வந்திருந்த மூத்த நர்ஸ், ஃபைலை மூடிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கீழ்கோத்தகிரிப் பக்கம் லைன்ல ஒரு தாத்தா. சம்சாரம் போன வருஷம் நம்மகிட்ட இருந்து இறந்துபோனாங்க. அந்தக் கூட்டத்துல நான் உட்கார முடியுமான்னு ரெண்டு தடவை கேட்டுட்டார்."

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. தானாகக் கேட்டு வருகிறவர் எங்களுக்குப் புதிது. டாக்டர்தான், "போய்ப் பேசிப் பார்க்கலாமே" என்றார்.

லயத்துத் திண்ணை

டாக்டரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். தார்ரோட்டை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே அரை மைல் மண்பாதை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை அந்தப் பெரியவர் லைன் என்று சொல்வதில்லை, லயம் என்பார். டீயைத் தேத்தண்ணி என்பார். இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்த எண்ணிக்கையில் ஒருவர். 1975-ல், பத்தொன்பது வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்த மலைக்குத் தேயிலை வேலைக்கு வந்தவர். சம்சாரத்தை இங்கே கொழுந்து எடுக்கிற இடத்தில்தான் பார்த்திருக்கிறார். திண்ணையில் எங்களுக்குப் பாய் விரித்தார். எவர்சில்வர் டம்ளரில் பால் சேர்க்காத தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு தட்டில் கருப்பட்டித் துண்டு. உள்ளே சுவரில் மாலை போட்ட படம். வாயில் புற்று வந்து போனவர் என்பது ஃபைலில் படித்தது நினைவிருந்தது. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். சம்பளம் இல்லை, கூட்டத்துக்கு வர வேண்டும், பொறுப்பு உண்டு. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் சொன்னார்.

"ஒரு விஷயம் இருக்குங்க டாக்டர். நர்ஸம்மா ஏழு நாளைக்கு மாத்திரை கொடுப்பாங்க. ஏழு நாளைக்கு ஒருக்கா ஜீப் வரும். தவறாது. போன ஆடிக்குப் பிறகு ஜீப் பத்து நாளைக்கு ஒருக்காதான் வந்துச்சு. மாத்திரை ஏழு நாளைக்குத்தான். முதல் தடவை ஏழாம் நாள் ராத்திரியோட தீர்ந்துபோச்சு. எட்டாம் நாள் கோத்தகிரிக்கு பஸ் ஏறிப் போனேன். ஞாயித்துக்கிழமை, உங்க ஆபீஸு பூட்டியிருந்துச்சு. மருந்துக் கடைல சீட்டைக் காட்டினேன், இது இங்க கிடைக்காதுன்னுட்டான். மறுநாள் அவளைத் தனியா விட்டுட்டு நகர முடியல. பத்தாம் நாள் சாயங்காலம்தான் ஜீப்பு வந்துச்சு. அந்த மூணு நாளும் அவ என் கையைக் கடிச்சுக்கிட்டு இருந்தா."

கையை நீட்டிக் காட்டவில்லை. ஆனால் நாங்கள் இருவரும் அவர் கையைத்தான் பார்த்தோம்.

அவர் சொன்ன மாத்திரை மார்ஃபின், கடும் வலியைத் தணிக்கிற மருந்து. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தால் வெகுகாலம் இந்த மாத்திரையை வாங்கி வைக்கவே ஆஸ்பத்திரிகள் பயந்தன. ஒன்றுக்கு நாலு லைசென்ஸ். 2014-ல் சட்டத்தைத் திருத்திக் கொஞ்சம் எளிதாக்கினார்கள். இன்றைக்கும் பயிற்சி பெற்ற டாக்டர் உள்ள, அங்கீகாரம் வாங்கிய இடங்களில்தான் இருக்கும். ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேட்டில் கணக்கு உண்டு. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டியது. ஒரு வேளை தவறினால் வலி திரும்பி வந்து நின்றுவிடும். இந்த மலையில் அவருக்கு எங்களை விட்டால் வேறு வாசல் இல்லை.

எனக்குக் காது அடைத்தது. பத்து நாள் என்பது என் எழுத்து. 2023 ஜூலைக் கூட்டம். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி இருந்தது, எங்கள் மாத டீசல் செலவு பட்ஜெட்டைவிட மூவாயிரம் அதிகம் போய்க்கொண்டிருந்தது. தூரமான இரண்டு ரூட்டை வாரத்துக்கு ஒன்று என்பதிலிருந்து பத்து நாளுக்கு ஒன்று என்று ஆக்கினால் கணக்கு நேராகிவிடும் என்று நான்தான் காகிதத்தில் போட்டுக் கொண்டுபோனேன். எல்லோரும் சரி என்றார்கள். மூன்று நிமிஷம்கூடப் பேசவில்லை. நல்ல சேமிப்பு என்று ஒருவர் பாராட்டினார், வீட்டுக்கு வரும்வரை எனக்கு அது இனித்தது. ஜீப் பத்து நாளானால் மாத்திரையும் பத்து நாளாக வேண்டுமே என்று எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டிரைவருக்குப் புது அட்டவணை போனது. மாத்திரையை எண்ணிக் கவரில் போடுகிறவரிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த சுற்றில் நர்ஸ் தானாகவே கவனித்துச் சரிசெய்துவிட்டார். அதனால் எங்கள் மேஜைக்கு அந்த விஷயம் வரவே இல்லை.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது போர்டுல எடுத்த முடிவு..." என்று ஆரம்பித்தார். நான் அவரை முடிக்க விடவில்லை. "நான்தாண்ணே எழுதினேன். டீசல் செலவைக் குறைக்கறதுக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். "அப்ப உங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியும்" என்றார். "எனக்கும் சொல்லித் தருவீங்களாம்மா? நான் சண்டை போட வரல. அந்த மூணு நாளை எங்க வெச்சு முடிவு பண்ணாங்கன்னு தெரிஞ்சுக்கணும். அடுத்த தடவை முடிவு பண்றப்ப நான் அங்க உட்கார்ந்திருக்கணும்."

மேலேயிருந்து வருவது

திரும்பி வரும் வழி முழுக்க எனக்கு ஃபேக்டரி ஜன்னல் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. 27 வருஷமும் மாதக் கடைசியில் சின்ன விவசாயிகள் அந்த ஜன்னலில் வந்து நிற்பார்கள். கால் ஏக்கர், அரை ஏக்கர்க்காரர்கள். கொழுந்து விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் அவர்கள் வீட்டில் அந்த மாதம் ஏதோ ஒன்று நின்றுபோகும். "ஏம்மா குறைஞ்சுது?" என்பார்கள். "எனக்கென்னண்ணே தெரியும், மேலருந்து வர்றது" என்று சொல்லி அடுத்த ஆளின் பேரை வாசிப்பேன். அது பொய்யில்லை. விலையை நான் வைக்கவில்லை. ஆனால் அந்த மேலே என்பது எங்கே இருக்கிறது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர்களும் கேட்டதில்லை, எனக்கும் தெரிந்துகொள்ளத் தோன்றியதில்லை. இப்போது கீழ்கோத்தகிரி லைனில் ஒரு மனிதர் ஏன் ஜீப் வரவில்லை என்று கேட்டபோது, எங்கள் டிரைவரும் அவரிடம் அதையேதான் சொல்லியிருப்பார். மேலருந்து வந்த உத்தரவு. அந்த மேலே நான் இருந்திருக்கிறேன்.

கொடுக்கிற மனசு உள்ளவர்கள்தான் டிரஸ்டியாக வருகிறார்கள் என்றுதான் நாம் பேசுகிறோம், என் மகளிடம் நான் சொன்ன பதிலும் அதுதான். இந்த மனிதர் கொடுப்பதற்கு வரவில்லை. கேட்பதற்கு வந்தார். தன் வாழ்க்கையை ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்த இடத்திலும் சரி, தோட்டத்திலும் சரி, அவரை உட்கார வைத்து யாரும் கேட்டதில்லை. கடைசியில் மனைவி வலியில் துடித்ததையும் அவருக்குத் தெரியாத ஒரு மேஜைதான் முடிவு செய்தது. இந்த ஒரு மேஜையையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறார். இதைவிட நல்ல காரணத்தோடு யாரும் எங்களிடம் வந்ததில்லை. இது எங்கள் கண்டுபிடிப்பும் அல்ல. இதே மாவட்டத்தில் கூடலூரில் 1990-லிருந்து நடக்கிற ஆதிவாசி மருத்துவமனையில் அந்த மக்களே நர்ஸ்களாகவும் நிர்வாகத்திலும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே இருந்தும் நாங்கள் அதைப் பார்த்துப் படிக்கவில்லை. நோயாளியின் வீட்டுக்காரரை நன்றி சொல்லக் கூப்பிட்டோமே தவிர, கணக்குப் பார்க்கக் கூப்பிட்டதில்லை.

கூட்டத்தில் ஒருவர் தயங்கினார். பயனாளி போர்டில் இருந்தால் சங்கடம் வராதா, தனக்கு வேண்டியவர்களுக்குச் சலுகை கேட்க மாட்டாரா என்றார். நியாயமான கேள்விதான். அதே கேள்வியை எஸ்டேட் முதலாளியைப் பற்றி யோசித்தபோது யாரும் கேட்கவில்லை என்று அந்தப் பெங்களூர்ப் பெண் சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சு நீளவில்லை.

ஆடிட் படிவத்தில் ஒவ்வொரு டிரஸ்டியின் அடையாள எண்ணையும் கேட்பார்கள், பான் கார்டு எடுத்துவிடலாம் என்று பஜாரில் பிரவுசிங் சென்டருக்கு அவரை அழைத்துப் போனேன். படிவக் கட்டத்துக்குள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவர் பேரின் கடைசி எழுத்து லை. 1978-ல் இங்கே எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன்னால் எழுதினோமே, தும்பிக்கை வளைந்து மேலே ஏறுகிற பழைய லை, அப்படி எழுதினார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் எட்டிப் பார்த்து, "தாத்தா, கடைசி எழுத்து தப்பா இருக்கு" என்றான். "தப்பில்ல தம்பி. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, கட்டத்துக்கு வெளியே போய்விட்டதா என்று என்னிடம் காட்டினார். போகவில்லை.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஆடிட், இன்சூரன்ஸ், பேட்டரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மற்ற விஷயங்கள் என்று வந்ததும் கையைத் தூக்கி, "போன வருஷம் எழுதினீங்களே, ஜீப்பு விஷயம். அதைக் கொஞ்சம் படிங்கம்மா" என்றார். மினிட்ஸ் நோட்டைத் திருப்பி எடுத்துப் படித்தேன். எரிபொருள் செலவினத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டுத் தொலைதூர வழித்தடங்கள் இரண்டும் பத்து நாட்களுக்கு ஒருமுறை என மாற்றியமைக்கப்படுகிறது, ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு வரி. என் குரல் இரண்டாவது வரியில் தடுமாறியது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதாண்ணே."

கொஞ்ச நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஜீப்பு பத்து நாளைக்கு ஒருக்கா வரட்டும். டீசலுக்குக் காசு இல்லன்னா என்ன பண்றது?" என்றார். "ஆனா கோத்தகிரியிலருந்து காலையில ஆறரை வண்டி எங்க லயத்து மேட்டுல வந்து நின்னு போகுதே. நர்ஸம்மா ஏழாம் நாள் அதுல வந்து மாத்திரை கொடுத்துட்டு, பத்தே கால் வண்டில திரும்பிடலாமே. பொம்பளைங்களுக்குத்தான் இப்ப அதுல டிக்கெட்டும் இல்லையே."

2024 பிப்ரவரியிலிருந்து எங்கள் மலையிலும் பெண்களுக்கு அரசு சாதாரணப் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும், பேப்பரில் படித்திருக்கிறோம். அந்த ஆறரை வண்டியை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் கூட்டத்துக்குக் காரிலும் ஸ்கூட்டரிலும் வந்தவர்கள். நான் பஸ்ஸில் போகிறவள்தான், ஆனால் டவுனுக்குள் மட்டும். ஒரு வருஷம் முழுக்க டீசலைச் சுற்றிச் சுற்றி யோசித்த எனக்கு, அந்தப் பாதையில் ஏற்கெனவே தினமும் ஒரு வண்டி ஓடுகிறது என்று தெரியவில்லை. மருந்துப் பெட்டியைப் பூட்டி எடுத்துப் போவது, பதிவேட்டில் கையெழுத்து, மழை நாளில் என்ன செய்வது என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். நர்ஸ்தான் பதில் சொன்னார். இருபது நிமிஷம் பேசினோம். தீர்மானம் இந்த முறை ஒன்பது வரி வந்தது. மாத்திரை எத்தனை நாளுக்கு என்பது அதில் முதல் வரி. அவர் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார், அந்த லை நோட்டின் கோட்டைத் தாண்டி மேலே ஏறி நின்றது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் நர்ஸ் ஆபீஸுக்கு வந்தார். குடையை மடக்கி வைத்துவிட்டு, பர்ஸிலிருந்து இரண்டு துண்டுச் சீட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார். கண்டக்டர் கிழித்துக் கொடுத்த கட்டணமில்லாச் சீட்டு, போனதுக்கு ஒன்று, வந்ததுக்கு ஒன்று. "கணக்குக்கு வேணுமா மேடம்?" என்றார். வேண்டும் என்று வாங்கி, வவுச்சர் எழுதி, போக்குவரத்து என்ற தலைப்பில் தொகை ரூபாய் 0 என்று போட்டு, பசை தடவி ஒட்டினேன்.